பகலில் தூங்க ஓர் அறை: பைபாஸ் ரோட்டு வீட்டுக்கு ஜன்னல் மாற்றலாமா?

கேள்வி: மதுரை பைபாஸ் ரோட்டில், காளவாசலுக்கும் பழங்காநத்தத்துக்கும் இடையில், ரோட்டைப் பார்த்த மாடி வீடு எங்களுடையது. 1994-ல் மாமா கட்டியது. நான் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. காலை 9 மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்குள் பத்து தடவையாவது பஸ் ஹாரனில் திடுக்கிட்டு எழுகிறேன். ஜன்னல் கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். வீட்டின் எட்டு தேக்கு ஜன்னல்களையும் எடுத்துவிட்டு, டபுள் கிளாஸ் வைத்த யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஸ்லைடிங் போட்டால் சத்தமே வராது என்கிறார். தேக்கைத் தொடக்கூடாது என்று மாமா பிடிவாதமாக இருக்கிறார். நகைக் கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும். செய்யலாமா? என் அறையின் அளவுகளும் படங்களும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை இப்போதைக்கு அடகு வைக்க வேண்டாம். எட்டு ஜன்னலையும் மாற்றத் தேவையில்லை. உங்கள் மாமா சொல்வதும் பாதிக்கு மேல் சரி. அந்தத் தேக்கு ஜன்னல் அங்கேயே இருக்கட்டும், அதை வைத்தே உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ராத்திரி முழுக்க அடுத்தவர் உயிரைப் பார்த்துக்கொண்டு வந்து பகலில் தூக்கமில்லாமல் கிடப்பது எவ்வளவு பெரிய வேதனை என்று தெரிவதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய படங்களில் நான் முதலில் பார்த்தது ஜன்னலை அல்ல, அதற்கு மேலே கூரையை ஒட்டி இருக்கும் சிமென்ட் ஜாலி வென்டிலேட்டரை. 2 அடிக்கு 1 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதி ஓட்டை என்று வைத்தாலும் ஒரு சதுர அடி எப்போதும் திறந்தே கிடக்கிறது. ரோட்டுப் பக்கச் சுவர் 12 அடி அகலம், 10 அடி உயரம், ஆக 120 சதுர அடி. ஒரு சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மிச்ச 99 பங்கும் கருங்கல்லாக இருந்தாலும் அந்தச் சுவர் மொத்தத்தில் 20 டெசிபெலுக்கு (சத்தத்தை அளக்கும் அலகு) மேல் தடுக்காது. உங்கள் ஜாலி ஏறக்குறைய அந்த ஒரு பங்குதான். அதை அப்படியே விட்டுவிட்டு கீழே எவ்வளவு விலையுள்ள கண்ணாடி போட்டாலும் காசு ஜாலி வழியாகப் போய்விடும். அந்தக் கம்பெனிக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் வருத்தமாக இருந்தது.

காற்று வரும் இடத்தில் எல்லாம் சத்தமும் வரும். இதை மனதில் வைத்துக்கொண்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. பூச்சோடு சேர்ந்த 9 அங்குலச் செங்கல் சுவர் 50 டெசிபெல் வரை தடுக்கும். சாதாரண 4 மி.மீ கண்ணாடியைத் தனியாக எடுத்து ஆய்வகத்தில் சோதித்தால் 30-ஐ ஒட்டித் தடுக்கும். அதே கண்ணாடி முப்பது வருஷம் வெயிலில் காய்ந்து நெளிந்த மரக் கதவில் இருக்கும்போது அந்த 30 கிடைக்காது. உங்கள் ஜன்னல் 5 அடிக்கு 4 அடி, மூன்று கதவு. ஒவ்வொரு கதவின் நாலு ஓரத்தையும் கூட்டினால் 34 அடி நீளம் வரும். அதில் ஒன்றரை மி.மீ சந்து இருந்தால், எல்லாவற்றையும் சேர்த்தால் 150 சதுர சென்டிமீட்டர். அதாவது உள்ளங்கையை விரித்து வைக்கும் அளவுக்குச் சுவரில் ஒரு துளை போட்டது மாதிரி.

எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க உங்களிடமே நல்ல கருவி இருக்கிறது. பழைய ஸ்டெதாஸ்கோப் ஒன்றை எடுத்து, நெஞ்சில் வைக்கும் வட்டத் தலையைக் கழற்றிவிடுங்கள். எல்லா ஜன்னலையும் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு, திறந்த குழாய் முனையைக் கதவு ஓரத்தில் விரல்கடை தூரத்தில் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். கண்ணாடிக்கு நேரே பிடிக்கும்போது ரோடு மந்தமாக உறுமும். முனை ஒரு சந்துக்கு நேரே வந்ததும் சட்டென்று டயர் உரசும் சத்தமும் பைக் சத்தமும் காதுக்குள் தெளிவாகத் திறக்கும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நான் வேலைக்குப் போகும் வீடுகளில் இப்படித்தான் செய்கிறேன். கொண்டி இருக்கும் பக்கத்தைவிடக் கதவின் மேல் மூலையில்தான் பெரும்பாலும் கோடு விழும், ஏனென்றால் மரம் நெளிவது அங்கேதான். ஏ.சி. குழாய் போகும் ஓட்டையையும் விடாதீர்கள். மூன்று அங்குலத் துளை போட்டு, குழாயை நுழைத்து, மிச்சத்தில் துணியைத் திணித்து வெள்ளை அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். நிலைக்கும் சுவருக்கும் நடுவிலும் பாருங்கள். விரலால் தட்டினால் பூச்சு கொட்டாங்கச்சி மாதிரி ஒலித்தால் உள்ளே வெற்றிடம் என்று அர்த்தம்.

பென்சில் கோடுகள் விழுந்த பிறகு முதல் கட்ட வேலை. கொத்தனார் ஒருவரும் ஆசாரி ஒருவரும் போதும். ரோட்டுப் பக்க ஜாலியை உடைத்து எடுத்துவிட்டு, செங்கல் வைத்து, இரு பக்கமும் பூசி அடைத்துவிடுங்கள். தெர்மோகோலோ அட்டையோ வைத்து மூடுவது வேண்டாம். லேசான பொருள் சத்தத்தைத் தடுக்காது, எடைதான் தடுக்கும். ஏ.சி. துளையையும் நிலை ஓரத்து வெற்றிடத்தையும் கலவை வைத்து முழு ஆழத்துக்கும் நிரப்பச் சொல்லுங்கள். மேலாக சிலிக்கான் இழுத்துவிட்டுப் போவது பார்வைக்கு மட்டும்தான். பிறகு ஆசாரி கதவுகளை இழைத்து நேராக்கி, நிலையின் காடியில் ரப்பர் பட்டை ஒட்டி, கதவைச் சாத்தும்போது ரப்பர் நசுங்கும்படி கொண்டியை நகர்த்தி அடிக்க வேண்டும். சாத்திய கதவில் ஒரு துண்டுப் பேப்பரைக் கடிக்கவிட்டு இழுத்துப் பாருங்கள். சுற்றி எங்கே இழுத்தாலும் பேப்பர் லேசில் வரக்கூடாது. கண்ணாடியைச் சுற்றிய பீடிங்கும் தளர்ந்திருக்கும். லாரி போகும்போது கடகடவென்று ஆடுவது அதனால்தான். கண்ணாடியை எடுத்து சிலிக்கானில் பதித்து பீடிங்கைத் திரும்ப அடித்தால் அந்த ஆட்டம் நின்றுவிடும்.

இதற்கு ஆகும் செலவு, எட்டு ஜன்னல் மாற்றும் செலவில் சிறு பங்குதான். பலன் எவ்வளவு? வெளியே 75 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 20 போய் உள்ளே 55 கேட்கும். ஓட்டைகளை ஒழுங்காக அடைத்தால் 28, 30 வரை போகும், உள்ளே 45-க்கு இறங்கும். 10 டெசிபெல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தெரியும். சிலருக்கு இதுவே போதும். உங்களுக்குப் போதாது என்று நினைக்கிறேன். படுக்கையறைக்குள் 30 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-ல் நல்ல தூக்கத்துக்குச் சொன்ன அளவு. ரோட்டோர வீட்டில் பகலில் அதை எட்டுவது கடினம். 35-க்கு வந்தாலே நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.

அந்தக் கடைசி 10 டெசிபெலுக்குத்தான் புது ஜன்னல். ஆனால் கம்பெனிக்காரர் சொன்ன ஜன்னல் அல்ல.

ஸ்லைடிங் ஜன்னலில் கதவு பக்கவாட்டில் ஓட வேண்டும் என்பதால் இறுக்கிச் சாத்த முடியாது. பிரஷ் மாதிரி நார்ப் பட்டைதான் இடைவெளியை மூடியிருக்கும். அது தூசியைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. மழைத்தண்ணீர் வெளியேற அடியில் துளைகளும் உண்டு. பல வருஷத்துக்கு முன் நானே ஒரு வீட்டுக்கு டபுள் கிளாஸ் ஸ்லைடிங்தான் நல்லது என்று சொல்லிப் போட வைத்தேன். வேலை முடிந்த அன்றைக்கு அந்த வீட்டு ஆச்சி கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அதே பஸ்ஸுதானேப்பா வருது" என்றார். அவர் பணத்தை வீணாக்கியது என் தவறு. அதிலிருந்து சத்தத்துக்காக யாருக்கும் ஸ்லைடிங் சொல்வதில்லை. கீல் வைத்துத் திறக்கும் கேஸ்மென்ட் கதவு, சுற்றிலும் மூலையில் அறுபடாத ரப்பர், கைப்பிடியைத் திருப்பினால் மூன்று நான்கு இடத்தில் ஒருசேரப் பூட்டும் அமைப்பு, இதுதான் வேண்டும்.

அடுத்தது டபுள் கிளாஸ். 5 மி.மீ, 12 மி.மீ காற்றிடைவெளி, மறுபடி 5 மி.மீ என்பது அவர் கொடுத்த கணக்கு. இது வெப்பத்துக்கு நல்ல பொருள், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் போல வேலை செய்யும். ஸ்பிரிங்கின் இரு முனையிலும் எடை வைத்தால் அது தனக்கென்று ஒரு வேகத்தில் ஆடும் அல்லவா? மேலே சொன்ன அளவுக்கு அந்த ஆட்டம் நொடிக்கு 220 தடவைக்குப் பக்கத்தில் வரும். பஸ்ஸும் லாரியும் கியர் போட்டு இழுக்கும்போது வரும் உறுமலில் கணிசமான பங்கு அந்த அளவிலும் அதற்குக் கீழேயும் இருக்கிறது. அந்த இடத்தில் இந்த டபுள் கிளாஸ், ஒற்றைக் கண்ணாடியைவிட ஒன்றும் சிறந்ததாக இருக்காது. ஹாரனின் கீச்சுச் சத்தம் குறையும், உறுமல் அப்படியே வரும். கண்ணாடியைத் தடிமனாக்குவோமா என்றால், எடையை இரண்டு மடங்காக்கினாலும் 5, 6 டெசிபெல்தான் கூடும். இடைவெளியை அகலமாக்குவதுதான் வழி. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் 10 சென்டிமீட்டர் விட்டால் அந்த ஆட்டம் 75-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். உறுமலின் பெரும்பகுதி அதற்கு மேலே வந்து மாட்டிக்கொள்ளும்.

இங்கேதான் மாமாவின் தேக்கு உதவுகிறது. படத்தில் பார்த்தால் நிலை, சுவரின் வெளி ஓரத்தை ஒட்டி நிற்கிறது. கதவு வெளியே திறக்கிறது. கம்பிக்கு உட்பக்கம் சுவரின் தடிமனில் ஐந்தாறு அங்குலம் சும்மா இருக்கிறது. தேக்கை அசைக்காமல், சுவரின் உள் ஓரத்தில் இரண்டாவதாக ஒரு ஜன்னல் வையுங்கள். யுபிவிசி கேஸ்மென்ட், உள்ளே திறக்கும்படி இரண்டு கதவு. கண்ணாடி லேமினேட்டட், 4 மி.மீ-யும் 4 மி.மீ-யும் நடுவில் ஒலித் தடுப்புக்கென்றே வரும் மெல்லிய படலத்தோடு ஒட்டியது. அந்தப் படலம் கண்ணாடியின் அதிர்வைத் தின்றுவிடும். வெளியே 4 மி.மீ, உள்ளே 8 மி.மீ-க்கு மேல் என்று இரண்டும் வேறு வேறு தடிமனாக இருப்பதிலும் ஒரு நன்மை உண்டு. ஒவ்வொரு தடிமனும் ஒரு குறிப்பிட்ட சுருதியில் சத்தத்தைத் தடுக்காமல் விட்டுக்கொடுக்கும். 4 மி.மீ-க்கு அது நொடிக்கு 3,000 அதிர்வு வாக்கில், ஒற்றை 8 மி.மீ கண்ணாடிக்கு 1,500 வாக்கில். படலம் ஒட்டிய கண்ணாடியில் இந்தக் குறை தணிந்திருக்கும் என்பதால் வெளிக் கண்ணாடியின் குறையை அது பார்த்துக்கொள்ளும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் வேலைக்காரர்களைக் கூடவே நின்று கவனியுங்கள். உள் ஜன்னலின் சட்டம் சுவரில்தான் பொருந்த வேண்டும், தேக்கு நிலையைத் தொடக்கூடாது. தொட்டால் அதிர்வு மரம் வழியாகவே உள்ளே வந்துவிடும். அடுத்தது எடை. 20 சதுர அடிக்கு இந்தக் கண்ணாடி ஏறக்குறைய 39 கிலோ வரும், ஒரு கதவுக்கு 20 கிலோ. சட்டத்துக்குள் இரும்பு வைத்ததும் அந்த எடை தாங்கும் கீலும் இல்லையென்றால் ஆறே மாதத்தில் கதவு தொங்கி, ரப்பர் விலகி, திரும்பவும் சந்து விழும். விலை பேசும்போது, கண்ணாடிக்கு மட்டுமான சோதனை அறிக்கையைக் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சட்டமும் கண்ணாடியும் சேர்ந்த முழு ஜன்னலுக்கான அறிக்கையைக் கேளுங்கள்.

இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் உள்ள சுவர் ஓரங்கள் நாலிலும் ஒரு அங்குலத் தடிமனில் பாலியெஸ்டர் ஃபெல்ட் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் அடங்கும். பக்கத்துக் குறுந்தெருவைப் பார்த்த சிறு ஜன்னலுக்கு இப்போதைக்கு ரப்பர் மட்டும் போதும். ரோட்டுப் பக்கம் அமைதியான பிறகு, அந்தச் சிறு ஜன்னல் வழியாகச் சத்தம் வருவது புதிதாகக் காதில் விழலாம். அப்போது அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

தடித்த திரை, முட்டை அட்டை, ஃபோம் ஷீட் பற்றியெல்லாம் கேட்டிருந்தீர்கள். அவை அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும், வெளிச் சத்தத்தைத் தடுக்காது. திரை போடுங்கள், ஆனால் இருட்டுக்காகப் போடுங்கள். மேற்கு வெயில் அடிக்கும் அறையில் பகலில் தூங்க அது வேண்டும். காம்பவுண்ட் சுவரை உயர்த்தினால் கீழ்த்தளத்துக்குக் கொஞ்சம் பலன் உண்டு. மாடியிலிருந்து ரோடு கண்ணுக்குத் தெரிகிறவரை உங்கள் அறைக்குப் பலனில்லை. சித்திரைத் திருவிழா சமயத்தில் தெருவில் கட்டும் ஸ்பீக்கர் பெட்டிகளின் அடித்தொண்டைச் சத்தத்தை இந்த ஜன்னலும் முழுக்க நிறுத்தாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றை இனிச் சொல்லியே ஆக வேண்டும். படத்தில் உங்கள் அறையை ஒட்டிய பாத்ரூமில் கேஸ் கீசர் தெரிகிறது. இதுவரை ஜாலியும் சந்துகளும்தான் அந்த அறைக்குக் காற்று கொடுத்து வந்தன. அவற்றை அடைத்துவிட்டு கேஸ் கீசரை எரித்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கும். அதற்கு வாசனை இல்லை என்பதை நர்ஸான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொத்தனார் முதல் செங்கல் வைப்பதற்கு முன்னாலேயே அந்தக் கீசரைக் கழற்றி எடுத்து, கரண்ட் கீசர் மாட்டிவிடுங்கள். இதில் ஒரு நாள்கூட முன்பின் ஆகக்கூடாது. கரண்ட் கீசர் வாங்க இப்போது கையில் காசு இல்லையென்றால், ஜாலியையும் சந்துகளையும் அடைக்கும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். கேஸ் கீசரைக் கழற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கீசர் போன பிறகு அதே பாத்ரூம் உங்களுக்குக் காற்று வழியாகிவிடும். ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும், புதுக் காற்றைக் கொண்டுவராது. ஆறு மணி நேரம் அடைத்த அறையில் படுத்து எழுந்தால் தலை கனக்கும். ஆகவே படுக்கையறைக் கதவின் அடியில் ஒரு அங்குலம் இழைத்துவிடச் சொல்லுங்கள். பின்பக்கம் தோட்டத்தைப் பார்த்த ஜன்னலைத் திறந்து வைத்து, ஹாலின் ரோட்டுப் பக்க ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பாத்ரூமில் சத்தமில்லாத சின்ன எக்ஸாஸ்ட் ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். பின்பக்கத்துக் காற்று ஹால் வழியாக, கதவடி வழியாக உங்கள் அறைக்கு வந்து பாத்ரூம் வழியே வெளியேறும். வீட்டின் பின்பக்கம் ரோட்டுக்கு முதுகு காட்டி நிற்பதால் அங்கிருந்து வரும் சத்தம் மிகக் குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல்தான் எல்லை. கடைகள் நிறைந்த வணிகப் பகுதிக்கு 65, 55. பல சுருதியில் அலறும் ஹாரன் மோட்டார் வாகன விதிகளில் தடை செய்யப்பட்டது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் அவசரமில்லாமல் ஹாரன் அடிக்கவும் கூடாது. தெருவாசிகள் சேர்ந்து போக்குவரத்து போலீசுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். அதற்குப் பதில் வரும்வரை நீங்கள் தூங்காமல் இருக்க முடியாது என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கடைசியாக, ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். பின்னறையில் மாமாவும் அத்தையும் இருப்பதால் அறையை மாற்றிக் கேட்க மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிரந்தரமாகக் கேட்க வேண்டாம். அவர்கள் அங்கே தூங்குவது ராத்திரியில், உங்களுக்கு வேண்டியது பகலில். டியூட்டி முடிந்து வரும் ஒரு வாரத்துக்குக் காலை 9 முதல் 3 வரை அந்தக் கட்டிலைக் கேளுங்கள். மதியம் அத்தை கண்ணயர ஹாலில் திவான் இருக்கிறது. பின்னறையில் ஆழ்ந்து தூங்கினீர்கள் என்றால், சத்தம்தான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது உறுதியாகும், எவ்வளவு அமைதி உங்களுக்குத் தேவை என்பதும் தெரியும். இரண்டு அறையிலும் அதே போனை அதே இடத்தில் வைத்து, அதே நேரத்தில் சத்தம் அளக்கும் செயலியில் பார்த்துக் குறித்து வையுங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். அங்கேயும் தூக்கம் வரவில்லை என்றால், ஷிஃப்ட் மாறி மாறி வருவதில் உடம்பு குழம்பியிருக்கலாம். அதற்கு ஜன்னல் மருந்தாகாது, உங்கள் மருத்துவமனை டாக்டரிடமே பேசுங்கள்.

அந்த ஒரு வாரக் கணக்கையும், பென்சில் கோடு போட்ட ஜன்னலின் படத்தையும் அனுப்புங்கள். உள் ஜன்னலுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அளவுகளை நான் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன்.